பெருமாள் இறங்காத இருபத்திரண்டு நிமிடம்

என் நோட்டில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது.

"மாசி மகம். காலை 7.45 முதல் 8.07 வரை பீச் ரோடு முனை, சூப்பர் மார்க்கெட் எதிரே. பெருமாளை இறக்கவில்லை. தெற்குக் காற்று. வெயில் சுள்ளென்று."

எந்த ஆண்டு என்பதும் நோட்டில் இருக்கிறது. இங்கே விடுகிறேன். நான் ஆண்டைச் சொல்லாமல் விட்டால், சம்பந்தப்பட்டவர்களோடு இன்னும் தினமும் முகம் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு அது தெரியும். சமீபத்தில் நடந்தது என்பது மட்டும் போதும்.

பன்னிரண்டு பேர் தோளில் பல்லக்கு நின்றது. நாதஸ்வரம் நின்றது. தவில்காரர் குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார். அந்த அமைதியில் எனக்குக் கேட்ட ஒரே சத்தம், கடையின் பக்கச் சுவரில் ஏ.சி. மெஷின் ஓடுகிற இரைச்சல்.

எங்கள் ஊர் பூரணாங்குப்பத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது. மேற்கே நெல்லும் கரும்பும். கிழக்கே மீனவர் குப்பம். இரண்டையும் இணைக்கிற பீச் ரோட்டில் இப்போது வரிசையாக ரிசார்ட்டுகள். மாசி மகத்தன்று எங்கள் பெருமாள் அந்த ரோடு வழியாகத் தீர்த்தவாரிக்குக் கடலுக்குப் போவார். போகிற வழியில் ஒரே ஒரு இடத்தில், முனையில், பல்லக்கை இறக்குவார்கள். அது மண்டகப்படி. பானகம், சுண்டல், தீபாராதனை, பிறகு கடல்.

அதற்கு ஒரு முறை உண்டு. எந்த மண்ணில் இறக்குகிறோமோ அந்த மண்ணுக்கு உரிய வீட்டார் வந்து மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். தெளித்துவிட்டு வாய்விட்டு, "எறக்குங்க" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வராமல் தாங்குகட்டையைத் தரையில் ஊன்றமாட்டார்கள்.

அன்றைக்குத் தரை காய்ந்து கிடந்தது.

மண்ணுக்கு உரியவள் கஸ்தூரி. அவள் இடத்தில்தான் சூப்பர் மார்க்கெட் கட்டியிருந்தார்கள். கடையின் மூன்றாவது படியில், கதவை ஒட்டி நின்றாள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் என் தம்பி சுந்தரம், தன் மளிகைக் கடை வாசலில் பானகக் குண்டானோடு நின்றான். அவளுக்கும் அவனுக்கும் நடுவே பெருமாள்.

"இன்னாய்யா, தெளிச்சாங்களா இல்லியா? தோளு எரியுது" என்றார் முருகையன். பல்லக்குத் தூக்குகிறவர்களுக்குத் தலைவர், முன்கொம்பு பிடிப்பவர்.

பின்னாலிருந்து ஒருவன், "பேவர் பிளாக் மேல எங்கண்ணே தெளிக்கறது? வழுக்கினா பெருமாளுக்கு இன்சூரன்ஸ் கீதா?" என்றான்.

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

கடை மேனேஜர் ஒரு பெண், வில்லியனூர்க்காரி. கம்பெனி டி-ஷர்ட். கண்ணாடிக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு போனில் பேசினாள். "சார், சாமி சார்... இல்ல சார், தகராறு எதுவும் இல்ல. நிக்கறாங்க, அவ்ளோதான்... எவ்ளோ நேரம்னு எப்டி சார் கேக்கறது?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். 7.49.

முனையில் முன்பு என்ன இருந்தது

அந்த முனையைப் பற்றி நான் சேர்த்துவைத்திருக்கும் குறிப்புகள் தனியாக ஒரு பையில் இருக்கின்றன. அதில் மூத்தது பிரெஞ்சுக்காரர் காலத்துப் பத்திரத்தின் ஜெராக்ஸ். நொத்தேர் எழுதியது. பத்திரம் எழுதிப் பதிவு செய்கிற அதிகாரியைப் பழைய ஆட்கள் இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நான்கு எல்லைகளில் கிழக்கு எல்லைக்கு, "சமுத்திரத்து மணல்" என்று போட்டிருக்கிறது. மேற்கே ஒரு பனை. வடக்கே இன்னொரு பனை. இரண்டு பனையும் இப்போது இல்லை. மணலும் அதே இடத்தில் இல்லை.

அந்தப் பத்திரத்தில் பெருமாளைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. இதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

பத்திரத்துக்குப் பிறகு நீண்ட காலம் அந்த இடம் சும்மா கிடந்தது. முள், சப்பாத்திக்கள்ளி, நான்கு தென்னை. சுந்தரத்தின் கடைக்கு வருகிற லாரி திரும்புவதற்கு உதவியது. மாலையில் குப்பத்திலிருந்து அஞ்சலை வந்து மீன் விரிப்பாள்.

ரிசார்ட்டுகள் வந்த வரிசையும் என்னிடம் இருக்கிறது. முதலில் குடிசை போட்டது போல ஒன்று. பிறகு நீச்சல் குளம் வைத்தது. கடலுக்கு நூறு அடியில் நீச்சல் குளம் எதற்கு என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். பதில் இன்றுவரை எழுதவில்லை. பிறகு பீட்சா கடைக்காரர்கள் வந்து இடம் பார்த்தார்கள். கோழி பொரிக்கிற கம்பெனியும் வந்து பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் முந்திக்கொண்டது சூப்பர் மார்க்கெட் கம்பெனி. எல்லா ஊரிலும் ஒரே நிறத்தில் போர்டு வைத்திருக்கிறார்களே, அவர்களில் ஒருவர். பெயர் வேண்டாம்.

கஸ்தூரியைத் தேடி வந்தார்கள். அவள் சரி என்றாள்.

கஸ்தூரியின் கை

கஸ்தூரி ராமலிங்கத்தின் மருமகள். ராமலிங்கம் என்றால் எங்கள் பக்கத்து நிலத்துக்காரர், கரும்பு போட்டவர், பேச்சில் கறார். அவரும் போய்விட்டார். அவர் மகனும், அதாவது கஸ்தூரியின் கணவனும், அவருக்கு முன்பே போய்விட்டான். முனை இடம் கஸ்தூரியின் பெயருக்கு வந்தது.

அவள் ஒரு ரிசார்ட்டில் துணி வெளுக்கிற பகுதியில் வேலை பார்த்தாள். விருந்தாளிகள் படுத்த விரிப்புகள், துண்டுகள், தலையணை உறைகள். ப்ளீச்சிங் போட்ட தண்ணீரில் காலையிலிருந்து மாலைவரை கை. ஒருநாள் என் வீட்டுக்கு முருங்கைக்கீரை கேட்டு வந்தபோது பார்த்தேன். விரல் நுனிகளில் தோல் உரிந்து, உள்தோல் சிவந்து, ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. ரேஷன் கடை மெஷினில் கட்டைவிரல் பதியவில்லையாம். மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"என் வெரலே நான் இல்லன்னு சொல்லுதுண்ணா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இடத்தைக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டால் அந்தத் தண்ணீரில் கை வைக்க வேண்டாம். அவள் கணக்கு அவ்வளவுதான். ஊருக்கு அது வேறு கணக்காகிவிட்டது.

நான் எழுதிய மனு

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த இடத்தில் கட்டடம் கட்ட அனுமதி கேட்டிருக்கிறார்கள், ஆட்சேபணை உள்ளவர்கள் குறித்த நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று.

சுந்தரம் நேராக என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"அண்ணே, நீதான் எழுதணும். உன் எழுத்துக்கு அங்க மதிப்பு கீது."

"இன்னான்னு எழுத?"

"சாமி எறங்கற எடம். மூணு தலமுறையா எறங்குது. அத மறிச்சி கட்டக் கூடாது. அவ்ளோதான். என் கட பேர எழுதாத. எழுதினா கடைக்காக அழுவறான்னுவானுங்க."

"கடைக்காகத்தானடா அழற."

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப? எழுது."

எழுதினேன். "மூன்று தலைமுறையாக" என்று என் கையால்தான் எழுதினேன். மழை பெய்த நாளையெல்லாம் தேதியோடு எழுதுகிறவன், அந்த ஒரு சொல்லை நோட்டைப் புரட்டாமல் எழுதினேன். ஊரே சொல்வதைத்தானே எழுதுகிறோம் என்று நினைத்தேன். தம்பி என் எதிரே நின்றுகொண்டிருந்தான் என்பதும் ஒரு காரணம். ஊரில் நிறையப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். கஸ்தூரியின் வீட்டுக்கு மனுவை யாரும் எடுத்துப் போகவில்லை. நானும் போகவில்லை.

விசாரணைக்கு முதல்நாள்தான் பழைய நோட்டுகளை எடுத்தேன். சுனாமிக்கு முந்தைய மாசி மகங்களைப் புரட்டினேன். எல்லா ஆண்டும் ஒரே குறிப்பு: "சவுக்குத் தோப்பில் இறக்கினார்கள்." முனை என்ற பேச்சே இல்லை.

சுனாமி வந்தபின் வந்த முதல் மாசி மகம். கடல் உள்ளே வந்து இரண்டு மாதம். சவுக்குத் தோப்பில் வீடிழந்த குப்பத்துக்காரர்களுக்குத் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். நோட்டில் இப்படி இருந்தது:

"முனையில் ராமலிங்கம் இடத்தில் இறக்கினார்கள். அவரே மஞ்சள் தண்ணீர் தெளித்தார். தர்மகர்த்தாவிடம் சொன்னது: இந்த வருஷம் மட்டும் எறக்குங்க. கொட்டாய் போனப்புறம் பழைய எடத்துக்குப் போயிடணும்."

கொட்டகை போனது. சவுக்குத் தோப்பு ரிசார்ட் ஆனது. பெருமாள் முனையிலேயே தங்கிவிட்டார். தலைமுறை ஒன்றுகூட ஆகவில்லை.

சுந்தரத்திடம் போய்ச் சொன்னேன். கடையில் சுக்கு உடைத்துக்கொண்டிருந்தான். கடை முழுக்க அந்தக் காரமான வாசனை. குழவியை நிறுத்தாமல் கேட்டான்.

"அந்த நோட்டு யாராண்ட கீது?"

"என்னாண்ட."

"வேற யாரு பாத்தாங்க?"

"யாரும் இல்ல."

"அப்ப அந்தப் பக்கத்த வுட்டுட்டு மத்தத படி. பொய் சொல்ல சொல்லல. ஒரு பக்கத்த வுட சொல்றேன்."

குழவி மறுபடி இறங்கியது. நான் படியிறங்கி வந்தேன்.

சமுதாயக் கூடத்தில்

விசாரணைக்கு அதிகாரி ஊருக்கே வந்தார். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மின்விசிறிகளில் ஒன்று ஓடும்போது டக்டக்கென்று தட்டியது. தட்டும்போதெல்லாம் அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

முதலில் எல்லாரும் கடையைப் பற்றியே பேசினார்கள்.

சுந்தரம் சொன்னான்: "பீச்சுக்கு வர்றவன் எதுக்கு வர்றான் சார்? அவன் ஊர்ல இல்லாததுக்கு வர்றான். அவன் தெருவுல கீற கடையையே இங்கயும் தொறந்தா, கடல மட்டும் எதுக்கு வுட்டு வெக்கணும்? அதையும் மூடிடுங்க."

ஓர் ஆட்டோக்காரர் எழுந்தார். "அவன் வந்து எறங்கனதும் மொதல்ல கேக்கறதே அந்தக் கடதான்பா. பைய ரூம்ல போட்டுட்டு, இங்க பீட்சா எங்க கெடைக்கும்னு என்னாண்ட வர்றான். பெங்களூர்லேந்து ராத்திரியெல்லாம் ஓட்டிகினு வந்து, அதே கோழியதான் கடிப்பேன்றான். நான் இன்னா செய்ய, ஏறுன்னு சொல்றேன்."

கூடம் சிரித்தது. அஞ்சலை சிரிக்கவில்லை. "பீட்சாவோ பரோட்டாவோ வரட்டும். முனையில எங்கள ஒக்கார வுடுவாங்களா? அத மொதல்ல கேட்டு எழுது சார்."

அதிகாரி பேனாவை மூடினார். "கடை நல்லதா கெட்டதான்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா. அந்த இடத்துல வேற யாருக்காவது உரிமை இருக்கா? மனுவுல மூணு தலைமுறைன்னு எழுதியிருக்கீங்க. ஆதாரம் இருக்கா?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு என் பெயரே தெரியாது, டைரிக்காரர் என்றுதான் சொல்வார்கள். முருகையன், "டைரிக்காரராண்ட எல்லாம் கீது சார், மழ தூறினாகூட எழுதுவாரு" என்றார். நோட்டு என் மடியில் இருந்தது.

நான் எழுந்திருக்கும் முன்பு கஸ்தூரி எழுந்தாள். ரிசார்ட் சீருடையிலேயே வந்திருந்தாள்.

"எடம் என்னுது" என்றாள். "இத்தினி பேரு கையெழுத்துப் போட்டீங்களே. ஒரு ஆளு என்னாண்ட வந்து, கஸ்தூரி, இன்னா செய்யப்போறன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மின்விசிறி தட்டியது.

நான் நோட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தைப் படித்தேன். "இந்த வருஷம் மட்டும்" என்ற இடத்தில் என் குரல் இறங்கியது என்று பிறகு சொன்னார்கள். அதிகாரி நோட்டை வாங்கி, அந்த வரியைத் தானே ஒருமுறை படித்தார். பிறகு மனுவில் என் கையெழுத்தைப் பார்த்தார். "மூணு தலைமுறைன்னு எழுதினதும் நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன்.

சுந்தரம் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனான். என் மனைவி வழியாகச் சொல்லி அனுப்பினான்: "அவரு நோட்டுக்கே பொறந்தவரு. எனக்கு அண்ணன் இல்லன்னு எழுதிக்கச் சொல்லு. தேதி போட்டு."

அதையும் எழுதி வைத்திருக்கிறேன். தேதி போட்டு.

ஒரு ஒப்புதல்

அனுமதி கிடைத்தது, கடை திறந்தது. முதல் வாரமே போனேன், ஒருவருக்கும் தெரியாமல் போக முடியாது என்று தெரிந்தும் போனேன்.

உள்ளே குளிர். வெங்காயமும் தரை கழுவுகிற மருந்தும் கலந்த வாசனை. அஞ்சலை மீன் சட்டியை வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்திருந்தாள். காவலாளியிடம், "பதினெட்டு சங்கரா கீது, எண்ணிட்டுதான் போறேன்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். பாவம், அந்த ஆள் சட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கடை எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பொட்டலத்திலும் தேதி இருந்தது. கட்டிய தேதி, முடியும் தேதி. துவரம்பருப்புக்குத் தேதி, உப்புக்குத் தேதி. சுந்தரம் கடையில் பருப்பு எப்போது வந்தது என்று கேட்டால், "வந்தப்ப வந்தது" என்பான். நான் ஒரு வரிசை முழுவதும் நின்று படித்தேன். பிறகு ஒரு பாக்கெட் உப்பு வாங்கிக்கொண்டு தம்பி கடையைப் பார்க்காமல் நடந்தேன்.

சுந்தரத்தின் கடை மூடவில்லை. அலமாரியில் பாதி காலி. கடலை மிட்டாயும் பீடியும் கயிறும் விற்கிறான். குப்பத்துக்காரர்கள் தூண்டில் நரம்புக்கு அவனிடம்தான் வருகிறார்கள். அது அந்த ஏ.சி. கடையில் கிடையாது. முனையில் மீன் விரிக்க இப்போது இடமில்லை. அஞ்சலை சுந்தரத்தின் வாசலில் உட்காருகிறாள்.

இந்த மாதிரிக் கடை கடலோர ஊருக்குச் சேருமா, சேராதா என்று என்னைக் கேட்டுக் கடிதம் எழுதிய வாசகருக்கு என்னிடம் இதைவிடத் தெளிவான பதில் இல்லை. ஒரே ரோட்டின் இரண்டு பக்கமும் நின்று பார்த்துவிட்டேன். இரண்டு பக்கத்திலும் எனக்கு வெயில் அடித்தது.

எட்டு மணி ஏழு நிமிடம்

பல்லக்குக்குத் திரும்புகிறேன்.

கடை வந்த பிறகு அதுதான் முதல் மாசி மகம். பெருமாளை எங்கே இறக்குவது என்று ஊரில் யாரும் முன்கூட்டிப் பேசவில்லை. பேசினால் கஸ்தூரியிடம் போய்க் கேட்க வேண்டும். மனுவில் கையெழுத்துப் போட்ட கையோடு யார் போவது? அவளும் தானாக வந்து சொல்லவில்லை. வழக்கம் தானாக நடந்துவிடும் என்று எல்லாரும் எல்லாரையும் நம்பிக்கொண்டு முனைவரை வந்துவிட்டோம்.

7.55. முருகையனின் காதோரம் வியர்வை இறங்கி மூங்கில் கொம்பில் சொட்டியது. அவர் கண் படியில் நின்ற கஸ்தூரிமேல் இருந்தது. கஸ்தூரியின் கண் பல்லக்கில் இருந்தது.

7.58. மேனேஜர் பெண் கஸ்தூரியின் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில், "அக்கா, ஆபீஸ்ல பத்து நிமிஷம் ஓகேன்னுட்டாங்க. நான் இன்னா செய்யணும்?" என்றாள். கஸ்தூரி தலையை மட்டும் ஆட்டினாள். ஒன்றும் வேண்டாம் என்றா, பொறு என்றா, எனக்கு விளங்கவில்லை.

8.01. பின்கொம்பில் ஒருவன் தோள் மாற்றினான். பல்லக்கு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கூட்டத்தில் பெண்கள் ஒரே மூச்சாக, "அய்யோ" என்றார்கள். பெருமாளின் மாலையிலிருந்து ஒரு சாமந்தி பேவர் பிளாக் கல்லில் விழுந்தது.

சுந்தரம் குண்டானை வைத்துவிட்டு ரோட்டில் இரண்டு அடி வந்தான். கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். கஸ்தூரியும் அப்படித்தான் நினைத்திருப்பாள். ஒரு படி இறங்கினாள். அவன் நின்றான். அவளும் நின்றாள். அவன் திரும்பிப் போய்க் குண்டான் மூடியைச் சரிசெய்தான்.

8.06. முருகையன் என்னைப் பார்த்தார். டைரிக்காரர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தாரா, மணி கேட்டாரா, தெரியாது. நான் மணி சொன்னேன்.

"எட்டு ஆறு."

அவர் ஒரு நிமிடம் மூச்சுவிட்டார். பிறகு, "நடங்கடா" என்றார்.

தவில் தொடங்கியது. பெருமாள் இறங்காமலே கடலுக்குப் போனார். தீர்த்தவாரி முடிந்து, பக்கத்து ஊரான பனித்திட்டு வழியாகச் சுற்றி, வேறு வழியில் கோயிலுக்குத் திரும்பினார். முருகையனின் தோளில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கழன்றிருந்தது. பானகம் குண்டானிலேயே இருந்தது. சுந்தரம் அதைத் தென்னை அடியில் ஊற்றியதைப் பார்த்தேன். வெல்லமும் சுக்கும் கலந்த வாசனைக்கு எறும்புகள் உடனே வந்தன.

ஸ்டோர் ரூமில் ஒரு சொம்பு

அன்று பிற்பகல் கஸ்தூரி என்னைக் கடையின் பக்கவாட்டுக் கதவுக்குக் கூப்பிட்டாள். உள்ளே பிஸ்கட் பெட்டிகளுக்கு நடுவில், தரையில், ஒரு பித்தளைச் சொம்பு. நிறைய மஞ்சள் தண்ணீர். மேலே இரண்டு வேப்பிலை வாடிக் கிடந்தன.

"அஞ்சு மணிக்கே கரைச்சி வச்சேன்" என்றாள்.

"அப்ப ஏம்மா தெளிக்கல?"

"கேட்டாங்களா? ஒரு ஆளு கேட்டிருந்தா போதும்ணா. சுந்தரண்ணன் வந்தாரு, கேப்பாருன்னு பாத்தேன். முருகையண்ணன் கண்ணால கேட்டாரு. வாயால கேக்கல. நீங்க..." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க வாச்ச பாத்துகினு இருந்தீங்க."



அவள் சொம்பைக் கையால் ஓரமாக நகர்த்தினாள். கை ஓரளவு ஆறியிருந்தது. விரல் நுனிகளில் புதுத் தோல்.

"உங்க நோட்டுல அடுத்த வருஷம் இன்னா எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

"எந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம்?"

"மாமா, இந்த வருஷம் மட்டும்னு சொன்னதுக்கு அடுத்தது. கூட்டத்துல அத நீங்க படிக்கல."

அந்த ஆண்டு எனக்கு அம்மை போட்டிருந்தது. மாசி முழுக்க வேப்பிலைப் படுக்கை. நோட்டில் அன்றைய தேதிக்கு, "நேரில் பார்க்கவில்லை. முனையில் இறக்கினார்களாம்" என்று மட்டும் பின்னால் எழுதிச் சேர்த்தேன். அதைச் சொன்னேன்.

"கல்யாணமாகி எனக்கு அது தல மகம். மாமா பக்கத்துல நான்தான் சொம்ப புடிச்சிகினு நின்னேன். அவரு தர்மகர்த்தாவாண்ட சொன்னாரு: இனிமே வருஷா வருஷம் இங்கயே எறக்குங்க, என் பசங்க காலத்துலயும் எறக்குங்கன்னு."

நான் அவளைப் பார்த்தேன். "இத ஏன் கூட்டத்துல சொல்லல?"

"சொல்லியிருந்தா எடத்த குடுக்க வுட்டுருப்பீங்களா?"

"இப்ப ஏன் சொல்ற?"

"இப்ப எழுதினா கட வெளிய போவாது. சாமி உள்ள வருவாரு. எழுதிக்கோங்கண்ணா."

விசாரித்தது

அன்றிலிருந்து இந்த வாரம்வரை விசாரித்தேன். தர்மகர்த்தா இல்லை, காலமாகிவிட்டார். அவர் மகன், அப்பா அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை என்றார். சொல்லவில்லை என்றும் அவர் சொல்லவில்லை.

முருகையன் தோளில் எண்ணெய் தடவிக்கொண்டே யோசித்தார். "அந்த வருஷம் நான் பின்கொம்புண்ணே. தவிலு என் காதாண்ட. ராமலிங்கம் வாய் அசைஞ்சது பாத்தேன். இன்னா சொன்னாருன்னு கேக்கல."

சுந்தரத்திடமும் போனேன். விசாரணைக்குப் பிறகு அவன் கடைக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. தூண்டில் நரம்பை அளந்துகொண்டிருந்தான். நிமிரவில்லை.

"அப்டி சொல்லியிருந்தா எனக்குத் தெரியாமப் போவுமா? பானகம் ஊத்தினவன் நான்தான்" என்றான். நரம்பை வெட்டினான். சுருட்டி முடிச்சுப் போட்டான். நான் படியிறங்கும்போது பின்னால் குரல் வந்தது. "சொன்னாலும் சொல்லியிருப்பாரு. அந்த ஆளு மனசு மாறுவாரு."

கஸ்தூரி தன் காதால் கேட்டதை அப்போது மறைத்திருக்கலாம். கேட்காததை இப்போது உண்டாக்கியிருக்கலாம். இரண்டுக்கும் அவளுக்குக் காரணம் இருந்தது. எனக்கும் இரண்டையும் நம்ப ஆசை இருக்கிறது. அதனால் என் ஆசையைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அம்மை போட்ட ஆண்டின் நோட்டில், அந்தத் தேதிக்குக் கீழே இரண்டு வரி காலியாக இருந்தது. நேற்று அதில் எழுதினேன். பழைய மைக்கும் புது மைக்கும் வித்தியாசம் தெரியட்டும் என்று பச்சைப் பேனாவில் எழுதினேன்.

"ராமலிங்கம், வருஷா வருஷம் இங்கேயே இறக்கச் சொன்னதாக அவர் மருமகள் கஸ்தூரி சொல்கிறாள். நான் அன்று அங்கே இல்லை. வேறு சாட்சி இதுவரை இல்லை. சரிபார்க்கப்படவில்லை."